தும்பிக்குச் செய்த மூன்றடுக்குக் கேக்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். இவளோ வெளுத்ததெல்லாம் பாலாக இருந்துவிடுமோ என்று பயந்தே வருடங்களைத் தள்ளியவள். கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்காமல் கூடையில் போடமாட்டாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். தெருவில் அவளுக்கு 'லேபிள் அக்கா' என்று பெயர் விழுந்திருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. காதுக்கு வராமலும் இல்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் கண்ணாடி சட்டத்தில் உட்காராது. ஒரு மயிரிழை குறைந்தால் கழன்று விழும். வீட்டிலும் அவளுக்கு அதே பிழைப்புதான். ஒரு துளி இப்படி அப்படி ஆகிவிட்டால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

ஒரே மகள். ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டே இருந்ததால் அப்பா தும்பி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. தும்பிக்குப் பாலும் முட்டையும் ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைக் கலக்குவது, உடம்பில் தடிப்பது என்ற அளவில் இல்லை. தொண்டை உள்ளுக்குள்ளேயே வீங்கி மூச்சை அடைத்துவிடும். நாலு வயதில் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் ஒரு மாமி ஆசையாக, "ஒரே ஒரு சொட்டுதானே, பாவம், குழந்தை பாக்குது" என்று க்ரீமை விரலில் எடுத்து அவள் உதட்டில் தடவிவிட்டாள். அன்றைக்குப் பிள்ளையின் முகம் நீலம் பாரித்ததை அம்மா பார்த்தாள். டாக்டர் வெளியே வந்து, "பொழச்சிட்டா" என்று சொன்னபோது வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். அந்த வீட்டில் அந்த வார்த்தையையும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு தும்பி எந்த விசேஷத்துக்குப் போனாலும் தனி டப்பா, தனி ஸ்பூன், மூலையில் ஒரு நாற்காலி. மற்ற பிள்ளைகள் கேக்கை மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டு ஓடும்போது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போகப்போக அழைப்பதும் நின்றுபோனது. "அவள கூப்பிட்டா அவங்கம்மாவுக்குத்தான் கஷ்டம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

ஏழாவது பிறந்தநாள் வருவதற்கு முன்பு ஒருநாள், தலை பின்னிக்கொண்டிருக்கும்போது தும்பி சொன்னாள்.

"அம்மா, எனக்கு மூணு மாடி கேக்கு வேணும்."

"மூணு மாடியா?"

"ஆமா. உச்சியில ஒரு தும்பி உக்காந்திருக்கணும். எங்க க்ளாஸ்ல எல்லாரும் நம்ம வீட்டுக்கு வரணும். நான்தான் மொதல்ல திங்கணும். அவங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கணும்."

கடைசி வாக்கியத்தை அவள் கோபத்தோடு சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அம்மாவைக் குத்தியது. சீப்பை வைத்துவிட்டு, "செஞ்சிடலாம்" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

முட்டையில்லாமல், பாலில்லாமல், வெண்ணெயில்லாமல் கேக்கை எழும்ப வைப்பது குதிரைக்கொம்பு. வினிகரையும் சோடா உப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஒன்று கல்லாகும். ஒன்று வெளியே பொன்னாக வந்து, உள்ளே களியாக இருக்கும். இன்னொன்று அச்சிலிருந்து எடுத்ததும் மணலாக உதிரும். தோற்றதையெல்லாம் தின்று தீர்க்கும் பொறுப்பு கணவர் தலையில் விழுந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிற மனிதர் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இத வெளிய போட்டுடாத. லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்க விடுற கனத்துக்கு இது ஒண்ணே போதும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா, ஒரே மாடியா செய்யேன். கொழந்தைக்கு என்ன தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரியும்."

விடாமல் செய்தாள். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றின கையோடு அடுப்படிக்குப் போவாள். மேஜையில், சுவரில், தலைமயிரில் எல்லாம் மாவு. ஒருநாள் கேக் நடுவில் குழிந்துபோய் வெளியே வந்தபோது, சூடான அச்சை வெறுங்கையால் பிடித்துவிட்டாள். வலி உறைக்கவே இல்லை. அந்தக் குழியையே பார்த்தபடி நின்றாள். பிள்ளைக்கு உயிரைக் கொடுப்பேன் என்று எல்லா அம்மாக்களும் சொல்கிறார்கள். ஒரு கேக்கைக் கொடுக்க எனக்குத் துப்பில்லையே என்று தோன்றியது.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் மூன்று அச்சிலும் ஒருவழியாக எழும்பி வந்தது. பெரியது, நடுத்தரம், சிறியது. தொட்டால் மெத்தென்று அமுங்கி நிமிர்ந்தது. துணி சுற்றி வைத்துவிட்டு, தும்பியைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. இந்தக் கேக்குல உனக்கு ஆகாதது ஒரு பொட்டு கூட கெடையாது. எல்லாம் உனக்காகவே செஞ்சது. எங்க வேணா தொடலாம், எவ்ளோ வேணா திங்கலாம். யாரையும் கேக்க வேணாம்."

"உன்னக் கூடவா?"

"என்னக் கூட கேக்க வேணாம்."

பிள்ளை நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றிச் சுற்றி ஓடியது.

பிறந்தநாள் காலை அவளும் கணவரும் கேக்கை அடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் வட்டமாக வெட்டின அட்டை. மேல் தட்டின் கனம் கீழ்த்தட்டை நசுக்காமல் இருக்க, உள்ளே தடித்த உறிஞ்சுகுழல்களைத் தூண் போலச் செருகினார்கள். "இது நம்ம வேலையாச்சே" என்று கணவர் மட்டம் பார்த்துப் பார்த்து வைத்தார். அடுக்கி முடித்ததும் அவருக்கு போன் வந்துவிட்டது. ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அவர் போனதும் அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். கை நிறையக் காகிதப் பூக்கள், பலூன்கள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் பொறுப்பு. கைப்பக்குவத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஊரறிந்தது, அவளும் அறிந்தது. தும்பி என்றால் உயிர். ஆனால் இந்த ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு. "நாங்கல்லாம் வளரலையா? நீ பொத்திப் பொத்தி வெச்சுதான் அவ ஒடம்பு தாங்க மாட்டேங்குது" என்று ஒருமுறை சொல்லி, தம்பியிடம் முதல் தடவையாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து வாயைத் திறப்பதில்லை.

வெயில் ஏறியது. பூசப் பூச க்ரீம் வழுக்கியது. தாவரக் கொழுப்பும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்தது. வெண்ணெய் போல இறுகிப் பிடிக்காது. நடுத்தட்டை முடித்துவிட்டு மேல் தட்டுக்கு வந்தபோது கிண்ணம் காலி. கீழ்த்தட்டின் ஒரு பக்கம் லேசாக வயிறு தள்ள ஆரம்பித்திருந்தது.

அந்தக் கொழுப்பு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. பஸ் பிடித்துப் போக வேண்டும்.

"அண்ணி, ஒரு எட்டு போயிட்டு வந்துடுறேன். கேக்கப் பாத்துக்கங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். வெயில் படாம பாத்தா போதும்."

"நீ போயிட்டு வாம்மா. நான் இல்ல?"

தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

பஸ் ஊர்ந்தது. கடையில் அவள் கேட்ட டப்பா அலமாரியின் உச்சியில் இருக்க, ஏணி எங்கேயோ போயிருந்தது. திரும்பி வரும்போது டப்பா மடியில் சுட்டது. கரைந்துவிடுமோ என்று மாற்றி மாற்றிப் பிடித்தாள். கண்ணுக்குள் கேக் சரிந்து சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. அவள் மனதில் வந்த விபத்து அது ஒன்றுதான்.

மூச்சிரைக்க மூன்று மாடியும் ஏறி உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கேக் சரியவில்லை. நேராக, வழவழவென்று, கடையில் வாங்கினது மாதிரி நின்றது. கீழ்த்தட்டைச் சுற்றி ரோஜா ரோஜாவாகப் பிழிந்து விட்டிருந்தது.

நாத்தனார் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். "பாத்தியா? நீ போன கொஞ்ச நேரத்துல ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சிடுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எப்பிடியோ நிமித்திட்டேன்."

"எத வெச்சு அண்ணி?"

"அது... எங்கிட்ட கொஞ்சம் க்ரீம் இருந்துச்சு. ஒரு அவசரத்துக்குன்னு எடுத்துட்டு வந்திருந்தேன்."

"என்ன க்ரீம்?"

"பயப்படாத, கீழ்த்தட்டுல மட்டும்தான் பூசினேன். அது மத்த புள்ளைங்களுக்குத்தானே. தும்பிக்கு மேல இருக்கறத வெட்டிக் குடுத்துடலாம். நான் யோசிக்காம செய்வேனா?"

வெண்ணெய் வாசனை அப்போதுதான் அவள் மூக்கில் ஏறியது. கேக்கைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். மேஜை விளிம்புக்கு நேராக, ஒரு ரோஜாவின் பாதி காணாமல் போயிருந்தது. சின்ன விரல் ஒன்று வழித்தெடுத்த தடம்.

"தும்பி!"

அடுத்த அறையிலிருந்து புதுக் கவுனோடு பிள்ளை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தது.

"கேக்கத் தொட்டியா?"

"இல்லம்மா."

"அம்மா திட்ட மாட்டேன். தொட்டியா? வாயில வெச்சியா?"

"இல்ல." பிறகு உதடு பிதுங்கியது. "பூவக் கெடுத்துட்டேன்னு அத்த திட்டுவாங்க."

மண்டியிட்டு அவள் முகத்தைக் கையில் எடுத்தாள். மேலுதடு தடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் தடித்தது. பிள்ளை கழுத்தைச் சொறிந்தது. ஒருமுறை இருமியது. மறுபடி இருமும்போது சத்தம் மாறியிருந்தது. தகரத்தைத் தட்டுகிற மாதிரி.

"அம்மா, தொண்டையில முடி இருக்கு."

கைப்பை தோளிலேயே இருந்தது. அதைத் தரையில் கவிழ்த்தாள். சாவி, சீப்பு, பஸ் டிக்கெட், அவற்றின் நடுவே, மூச்சடைத்தால் உடனே போடச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த அவசர ஊசி. பார்க்கத் தடித்த பேனா போல இருக்கும். துணிக்கு மேலேயே தொடையில் குத்தி அழுத்திப் பிடிக்க வேண்டும். எத்தனையோ தடவை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகியிருந்தாள். பழம் கத்தியதில்லை. தும்பி கத்தினாள். கத்தல் பாதியில் கம்மிப்போனது.

"அண்ணி, ஆம்புலன்ஸ்!"

நாத்தனார் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். "நான்... கீழ்த்தட்டுலதானே..."

"போன் போடுங்க அண்ணி!"

போன் போட்டாள். விலாசம் சொல்ல வாய் குழறியது. இவள் போனைப் பிடுங்கிச் சொன்னாள். பிள்ளையைப் படுக்க வைத்து, கால் இரண்டையும் தலையணை மேல் தூக்கி வைத்தாள். எழுந்து நிற்கப் போன பிள்ளையை, நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்து, பிடித்து அழுத்தினாள். பிள்ளையின் நெஞ்சுக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே, போகாதே, போகாதே என்று மனது ஒரே வார்த்தையை அரைத்தது. நான்தான் சொன்னேன். யாரையும் கேக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். பிறந்ததிலிருந்து ஒரு பிஸ்கட்டைக்கூடக் கேட்காமல் வாயில் வைக்காத பிள்ளை, ஒரே ஒரு நாள் அம்மா பேச்சை நம்பி விரலை நீட்டியிருக்கிறாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து இரண்டாவது ஊசியும் போட்டு, முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, ஸ்ட்ரெச்சர் படுக்கையோடு தூக்கினார்கள். குறுகலான படிக்கட்டில் அவர்கள் இறங்க, கீழேயிருந்து தும்பியின் வகுப்புப் பிள்ளைகள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கையில் பளபளக்கும் காகிதம் சுற்றின பொட்டலங்கள். பெற்றவர்கள் அவரவர் பிள்ளைகளைச் சுவரோரம் இழுத்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி மட்டும் படுக்கையைப் பார்த்து, "ஹேப்பி பர்த்டே" என்றாள். வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அங்கே நிற்கும்போதுதான் கைப்பை மறுபடி நினைவுக்கு வந்தது. ஊசிகள் இருந்த பை. அது அவளோடு பஸ் ஏறிக் கடைக்குப் போயிருந்தது. பழக்க தோஷம்; பிள்ளையோடு வெளியே போகும்போதெல்லாம் தோளில் ஏறுகிற பை, இன்றைக்குப் பிள்ளை இல்லாமலே ஏறிவிட்டது. ஏணி கிடைக்க இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால், பஸ் இன்னும் ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்தால், வீட்டில் பிள்ளை இருந்திருக்கும், ஊசி இருந்திருக்காது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் மேல் கொதித்துக்கொண்டிருந்த கோபம் பாதி வழியில் திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. இரண்டு பேர் மேலும் ஒரே நேரத்தில் கோபப்படுகிற அளவுக்கு அவளிடம் தெம்பில்லை.

கணவர் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணெயைச் சட்டையில் துடைத்தபடி, "அக்காவ நான் என்னன்னு கேக்கறது?" என்றார். அது கேள்வியா அழுகையா என்று தெரியவில்லை.

"கேக்காதீங்க. கேட்டா என்னையும் கேக்கணும்."

தும்பி பிழைத்தாள். முகத்து வீக்கம் வடிந்து கண்ணைத் திறந்ததும், கரகரத்த குரலில் முதலில் கேட்டது இதைத்தான்:

"எல்லாரும் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"கேக்கு தின்னாங்களா?"

"இல்லடா."

"அப்ப யாருமே திங்கலையா?" என்றாள் பிள்ளை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது கதவுக்கு வெளியே படிக்கட்டில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மேஜை காலியாக இருந்தது. கேக்கையும், அது பட்ட பாத்திரங்களையும், கத்தியையும், துடைத்த துணியையும் மூட்டை கட்டி வெளியே போட்டிருந்தாள். தரையைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவியிருந்தாள். கை இரண்டும் சிவந்து வெந்துபோயிருந்தது. தும்பியைப் பார்த்ததும் எழுந்தாள். தொடப் பயந்து கையை மார்போடு கட்டிக்கொண்டாள்.

"கொன்னுருப்பேனேடி. நான் கொன்னுருப்பேனே" என்றாள்.

இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். கதவை மூடவில்லை. அண்ணியும் உள்ளே வரவில்லை.

அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கணவர் ஒருவர்தான். அவர் போய் வருவார். இவள் ஏன் என்று கேட்கமாட்டாள், எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்கமாட்டாள். கடையில் அவள் தேய்த்த லென்ஸ்கள் சட்டத்தில் உட்காராமல் போக ஆரம்பித்து, கொஞ்ச காலம் சட்டம் துடைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஊசிகளில் ஒரு ஜோடி வீட்டில், ஒரு ஜோடி பள்ளிக்கூடத்தில், ஒரு ஜோடி பையில் என்று பிரித்து வைத்தாள். அப்படியும் தூக்கத்தில் எழுந்து பிள்ளையின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்ப்பது நிற்கவில்லை.

எட்டாவது பிறந்தநாள் நெருங்கியது. அவள் மறுபடி மாவை எடுத்தாள். இந்தத் தடவை அடுப்படிக்குள் வேறு யாரையும் விடுவதில்லை என்று முடிவு. தும்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் கேக்கு வேணாம்."

"பயமா இருக்கா? அம்மா இந்தத் தடவ..."

"எனக்குப் பயம் இல்ல. கேக்குன்னா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது. எனக்கு அது புடிக்கல." ஒற்றைக் காலில் நின்றபடி யோசித்தாள். "எல்லாரையும் நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

மாவுச் சல்லடையைக் கீழே வைத்தாள். பெரிய பாரம் இறங்கியது போலவும் இருந்தது, கையிலிருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டது போலவும் இருந்தது. ஒரு கேக்கை, ஒரே ஒரு கேக்கை, இந்தப் பிள்ளை வாய் நிறையத் தின்று பார்க்க வேண்டும் என்று அவள் பட்ட பாடெல்லாம் இப்படி ஒரு வார்த்தையில் முடிந்துபோனது. "போலாமே" என்றாள்.

குளத்துக்குப் பிள்ளைகள் பட்டாளமாக வந்தார்கள். வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். தம்பி சொல்லி வந்திருக்க வேண்டும். உள்ளே நுழையும் ஒவ்வொரு பிள்ளையையும் மடக்கி, "கையில என்ன? பையில என்ன? சாக்லேட்டா? அங்க வெச்சிட்டு, சோப்பு போட்டுக் கையக் கழுவிட்டு உள்ள போ" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பையன், "இவங்க யாரு, போலீஸா?" என்று கேட்டான். தும்பி பெருமையாக, "எங்க அத்த" என்றாள்.

எல்லாப் பிள்ளைகளும் தண்ணீரில் இறங்கின பிறகு நாத்தனார் மெல்ல வந்து, இவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். இவள் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். தும்பியின் தலை தண்ணீருக்குள் முங்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் மூச்சு நின்று வந்தது.

"தண்ணி ரொம்ப சில்லுனு இருக்குமோ?" என்றாள் நாத்தனார், யாரையும் பார்க்காமல்.

"தெரியல அண்ணி" என்றாள் இவள்.